நாயிடமே திருடிப் பிழைக்கும் கட்டி

ஆட்டுப் பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் காவலாக நாய் வளர்க்காத குடியானவர் நம்மில் குறைவு. அந்த நாய்க்கு ஒரு நாள் பின்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் விழத் தொடங்குகிறது. பெட்டை நாயாக இருந்தால் "பருவத்துக்கு வந்திருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் நிற்க வேண்டியது இரண்டு மாதமாகியும் நிற்பதில்லை. ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் கழிக்கும் இடத்தை ஓயாமல் நக்கிக்கொண்டே கிடக்கும். தோலை விலக்கிப் பார்த்தால் உள்ளே காலிபிளவர் பூவைப்போலச் சிவந்த சதை ஒன்று வளர்ந்திருக்கும். விரல் பட்டாலே இரத்தம் கசியும். நாற்றமும் அடிக்கும்.

செம்மறிக் கிடை வைத்திருக்கும் ஒருவர் அண்மையில் இதைப் பற்றித்தான் கேட்டார். "ஐயா, எட்டு வருஷமா கிடையைக் காத்த நாய். இப்போ இப்படி ஆயிடுச்சு. ஆட்டுக்கு ஒட்டும், பிள்ளைகளுக்கும் ஒட்டும், அடிச்சுப் போட்டுடுன்னு ஊரிலே சொல்றாங்க. என்ன செய்யட்டும்?"

அவருக்குச் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டி ஆட்டுக்கு ஒட்டாது, மாட்டுக்கு ஒட்டாது, மனிதருக்கும் ஒட்டாது. நாய்க்கு நாய் மட்டுமே ஒட்டும். அதோடு, இது ஊசி மருந்தால் குணமாகும் கட்டி. புற்றுநோய் வகைகளில் இவ்வளவு எளிதாக மருந்துக்குப் பணிவது அரிது. ஆகவே நாயை அடித்துப் போடவும் வேண்டாம், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடவும் வேண்டாம். வெளியே விட்டால் அது போகிற ஊர் நாய்களுக்கெல்லாம் நோயைக் கொடுத்துவிட்டு வரும்.

மருந்தைப் பற்றிக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் கட்டியின் கதையைக் கேட்க வேண்டும். கால்நடை வளர்ப்போர் கேட்டிருக்கக்கூடிய கதைகளில் இதைவிட விசித்திரமானது வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டியே ஒரு தனிப் பிராணி

புற்றுநோய் பொதுவாக ஒட்டுவதில்லை. உழவு மாட்டுக்குக் கொம்பில் புற்று வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாட்டோடு ஒரே கட்டுத்தறியில் நிற்கும் ஜோடி மாட்டுக்கு அது தொற்றுவதில்லை. ஏனென்றால் புற்று என்பது வெளியிலிருந்து வந்த கிருமியல்ல. அந்த மாட்டின் சொந்த உயிரணு ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகியதுதான். மாடு மடிந்தால் புற்றும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

நாயின் இந்தக் கட்டி அப்படியல்ல. இணை சேரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும், கடித்துக்கொள்ளும்போதும் கட்டியிலுள்ள உயிரணுக்களே உதிர்ந்து அடுத்த நாயின் மேல் ஒட்டிக்கொண்டு அங்கே வளரத் தொடங்குகின்றன. கிருமியோ நச்சுயிரியோ நடுவில் இல்லை. கரும்புக் கரணையை வெட்டி அடுத்த வயலில் நட்டால் அங்கே வளர்வது புதுக் கரும்பல்ல, அதே கரும்பின் தொடர்ச்சிதானே? அதுபோலத்தான். ஒரு நாயின் கட்டி அடுத்த நாய்க்குக் கரணையாகப் போகிறது.

1876-ஆம் ஆண்டில் ரஷ்யாவைச் சேர்ந்த நோவின்ஸ்கி என்னும் கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து, நோயில்லாத நாயின் தோலுக்குள் வைத்தார். அது அங்கே பிடித்து வளர்ந்தது. ஒரு பிராணியின் புற்றை இன்னொரு பிராணியில் நட்டு வளர்த்த முதல் வெற்றிகரமான சோதனையாக இதையே கூறுவர். ஆனாலும் உயிரணுவே நோயாகப் பரவுகிறது என்பதற்கு அசைக்க முடியாத சான்று 2006-இல்தான் கிடைத்தது. இத்தாலி, இந்தியா, கென்யா முதலிய நாடுகளின் நாய்களிலிருந்து எடுத்த கட்டிகளை லண்டன் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். கட்டியின் பரம்பரைக் குறிப்பு அந்தக் கட்டியைச் சுமந்த நாயோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கடல் கடந்து கிடக்கும் வேறு நாயின் கட்டியோடு ஒத்துப்போயிற்று!

அப்படியானால் எல்லாக் கட்டிகளுக்கும் மூலம் ஒன்றே. என்றோ வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் ஒரே ஒரு முறை தோன்றிய புற்று அது. 2019-இல் 43 நாடுகளின் 546 கட்டிகளைச் சோதித்துக் கணக்கிட்டதில், அந்த முதல் நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று தெரிய வந்தது. அந்த நாய் செத்து மண்ணாகி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் சதை மட்டும் நாய்க்கு நாய் தாவி இன்றுவரை சாகாமல் இருக்கிறது. கிடைக்காரரின் நாயில் பூப்போலத் தொங்குவது, பார்க்கப்போனால், அந்த ஆதி நாயின் உயிருள்ள ஒரு துண்டு.

நாயின் உயிரணுவில் 78 குரோமோசோம்கள் உண்டு. இந்தக் கட்டியின் உயிரணுவிலோ சுமார் 60 தான். பல குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அதாவது இது நாயாகப் பிறந்து, ஒட்டுண்ணியாக மாறிவிட்ட பிராணி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் உள்ள ஒரு காட்டு விலங்குக்கும் இதுபோல் ஒட்டும் புற்று முகத்தில் வருவதை 1996-இல் கண்டார்கள். நாய்க்கட்டியின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்றுப் பிறந்தது.

தாய் வழிச் சீதனம்

இனி இந்தக் கட்டி செய்யும் திருட்டுக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள உயிரணுவுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

ஓர் உயிரணுவை ஒரு சிறு பண்ணையாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே உள்ள உட்கருதான் பண்ணை வீடு. கண் நிறம், மடி அமைப்பு, கொம்பு, உயரம் என்று எல்லாவற்றுக்குமான குறிப்பேடு அங்கே இருக்கிறது. டி.என்.ஏ. என்று சொல்வது இதைத்தான். நாயின் குறிப்பேட்டில் சுமார் 240 கோடி எழுத்துகள். பண்ணை வீட்டுக்கு வெளியே நூற்றுக்கணக்கில், சில உயிரணுக்களில் ஆயிரக்கணக்கில், சிறுசிறு பொருள்கள் கிடக்கும். மைட்டோகாண்ட்ரியா என்பது அவற்றின் பெயர். தமிழில் இழைமணி என்று பெயரிட்டிருக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இவைதான் பண்ணையின் பம்புசெட்டுகள். தீனியையும் மூச்சுக்காற்றையும் வைத்துக்கொண்டு உயிரணு இயங்கச் சக்தி கொடுப்பவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பம்புசெட்டு வாங்கும்போது கூடவே ஒரு சின்னப் புத்தகம் தருவார்களல்லவா? அதுபோல ஒவ்வோர் இழைமணிக்குள்ளும் அதற்கென்றே தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. இருக்கிறது. நாயின் இழைமணியில் அது சுமார் 16,700 எழுத்துகள், 37 மரபுக் கூறுகள். உட்கருவின் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால் ஒரு துண்டுச் சீட்டு. ஆனால் அந்தச் சீட்டு இல்லாவிட்டால் பம்புசெட்டு ஓடாது.

உட்கருவின் குறிப்பேடு பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. இழைமணியோ தாயிடமிருந்து மட்டுமே வரும். விந்தணுவின் வாலடியில் உள்ள சில இழைமணிகள் கருமுட்டைக்குள் போனாலும் அங்கே அழிக்கப்பட்டுவிடுகின்றன. உங்கள் நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போடுகிறீர்கள். பிறந்த கிடாரிக்கும் ஜெர்சி ஊசி, அதன் கிடாரிக்கும் ஜெர்சி ஊசி. ஏழு தலைமுறை போனால் நிறமும் மடியும் பாலும் முழு ஜெர்சியாகிவிடும். ஆனால் அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புசெட்டு உங்கள் பாட்டனார் கட்டியிருந்த அந்த நாட்டுப் பசுவினுடையதே.

இது வெறும் கணக்கல்ல. ஆந்திராவின் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து பிரேசில் நாட்டுக்குப் போன மாடுகளின் வழித்தோன்றல்கள் அங்கே நெல்லூர் என்றே வழங்கப்படுகின்றன. திமிலும் அலைதாடியும் பார்த்தால் நம் மாடேதான். அவற்றில் பலவற்றின் இழைமணியைச் சோதித்தால் திமிலில்லாத ஐரோப்பிய மாட்டினுடையதாக இருக்கிறது. காரணம், அங்கே கொண்டுபோனவர்கள் காளைகளை அதிகமாகவும் பசுக்களைக் குறைவாகவும் கொண்டுபோய், உள்ளூர்ப் பசுக்களோடு சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் காளை வழி மேலேறியது. பசு வழி அப்படியே நின்றது.

ஆக, இழைமணி தாயிடமிருந்து குட்டிக்கு மட்டுமே போகும், பக்கவாட்டில் போகாது என்பதுதான் பாடம். ஒரு பிராணியின் இழைமணி இன்னொரு பிராணியின் உயிரணுவுக்குள் நுழைவதைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

எண் பலகை காட்டிக்கொடுத்தது

மோட்டார் திருட்டு கிராமத்தில் புதிதல்ல. பக்கத்துக் கிணற்று மோட்டாரைக் கழற்றித் தன் கிணற்றில் மாட்டிக்கொண்டவன் வண்ணம் பூசி மறைக்கலாம். ஆனால் மோட்டாரில் பொறித்துள்ள எண் மாறாது. போலீசார் அந்த எண்ணைப் பார்த்தே பிடிப்பார்கள். இழைமணியின் சிறு டி.என்.ஏ.வும் அப்படி ஓர் எண் பலகைதான்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரெபெக் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் பல நாட்டுக் கட்டிகளின் இழைமணி எண்ணைப் படித்துப் பார்த்தார்கள். எல்லாக் கட்டிகளும் ஒரே ஆதி நாயின் வழி என்றால் அவற்றின் இழைமணிகளும் ஒரே குடும்பமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி இல்லை. ஒரு கட்டியின் இழைமணி இன்னொரு கட்டியின் இழைமணியைவிட, சாதாரண நாய்களின் இழைமணியோடு அதிக நெருக்கமாக இருந்தது. உட்கரு ஆதி நாயினுடையது, பம்புசெட்டு பிற்கால நாயினுடையது. போகிற வழியில் தான் தங்கிய நாயின் உயிரணுவிலிருந்து கட்டி இழைமணியை எடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறது! 2011-இல் இந்தச் செய்தி வெளியானபோது உயிரியல் படித்தவர்களே வியந்துபோனார்கள்.

அதன் பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் மர்ச்சிசன் என்ற அம்மையாரின் குழு இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. 39 நாடுகளிலிருந்து 449 கட்டிகள் சேர்க்கப்பட்டன. அந்தந்த ஊரில் நாய்க்குச் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்கள்தான் துணுக்குகளைச் சேகரித்து அனுப்பினார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, திருட்டு ஒரு முறையல்ல, குறைந்தது ஐந்து முறை நடந்திருக்கிறது. அந்த ஐந்து வகைகள் எந்தெந்த நாட்டில் கிடக்கின்றன என்று பார்த்தால், கடந்த 2,000 ஆண்டுகளாக மனிதன் தன் நாயோடு எங்கெங்கே போனான் என்பதே வரைபடமாகத் தெரிகிறது. இன்னொன்றும் கண்டார்கள். சில கட்டிகளில் பழைய இழைமணியின் சீட்டும் புதிய இழைமணியின் சீட்டும் வெட்டி ஒட்டப்பட்டு ஒன்றாகியிருந்தன. இரண்டு பழைய மோட்டார்களைப் பிரித்து ஒன்றாகக் கட்டிய மாதிரி!

எதற்காகத் திருட வேண்டும்? ரெபெக் குழுவினர் முதலில் சொன்ன காரணம் எளிமையானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விடாமல் ஓடும் பம்புசெட்டு தேய்ந்துபோகும். பிரதி எடுக்க எடுக்கச் சீட்டில் எழுத்துப் பிழைகள் சேரும். ஆகவே அவ்வப்போது புதியது கிடைத்தால் கட்டிக்குப் புத்துயிர். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நாம் கூட வெகுநாள் ஒரே விதையைப் போட்டால் ரகம் சீரழிகிறது என்று வெளியிலிருந்து புது விதை வாங்குகிறோமே.

ஆனால் 2020-இல் அதே கேம்பிரிட்ஜ் குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது வேறு ஒரு சங்கதி வெளிப்பட்டது. நாய்களிடையே எத்தனையோ வகை இழைமணிகள் இருக்க, குறிப்பிட்ட ஒரே வகை மட்டும் திரும்பத் திரும்ப வெவ்வேறு கட்டிகளுக்குள் புகுந்து, அங்கே ஏற்கனவே இருந்ததைத் துரத்திவிட்டு இடம் பிடித்திருக்கிறது. தேய்ந்ததை மாற்றுவதுதான் நோக்கம் என்றால் எந்த நல்ல இழைமணியும் போதுமே, ஏன் அந்த ஒரே வகை? அவர்கள் சொல்லும் விளக்கம் இது. அந்த வகை நன்றாக உழைப்பதால் வெல்லவில்லை. தன்னைத்தானே வேகமாகப் பெருக்கிக்கொள்ளும் குணம் அதன் சீட்டில் இருக்கக்கூடும். அதனால் வெல்கிறது.

வயலில் நெல்லோடு கலந்து வரும் காட்டு நெல்லைப் பார்த்த விவசாயிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டு நெல் விளைச்சல் தருவதில்லை. ஆனால் அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்து அடுத்த பருவத்துக்கு இடம் பிடித்துவிடுகிறது. நாலு பருவம் விட்டால் வயல் அதனுடையதாகிவிடும். திருடனாகிய கட்டிக்குள்ளேயே இப்படி ஒரு களை புகுந்து கொழிக்கிறது! இரண்டு விளக்கங்களில் எனக்கு இரண்டாவதே நெருக்கமாகப் படுகிறது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டிக்கு ஓடுகிற இழைமணி கட்டாயம் தேவை, ஊனமான சீட்டு கொண்டவை காலப்போக்கில் கழிக்கப்படுகின்றன என்று 2016-ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியிருக்கிறது.

எப்படிக் கை மாறுகிறது?

நாயின் உடம்புக்குள் அந்தத் திருட்டு நடக்கும் கணத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வேறு உயிரணுக்களில் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் ஆராய்ச்சிச் சாலைத் தட்டில் வளர்த்த எலியின் உயிரணுக்களுக்கிடையே மிக மெல்லிய குழாய் இழைகள் பாலம்போல ஓடுவதையும், அவற்றின் வழியாகச் சிறு பொருள்கள் நகர்ந்து போவதையும் கண்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதுபோல ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்குச் சரக்கு அனுப்புகிறது. 2006-இல் இழைமணி கெட்டுப்போன மனித உயிரணுக்களுக்குப் பக்கத்தில் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை வளர்த்தபோது, கெட்டவை நல்ல இழைமணியைப் பெற்று மீண்டும் இயங்கின.

சுண்டெலியில் செய்த ஒரு சோதனை இன்னும் தெளிவானது. நியூசிலாந்து விஞ்ஞானி பெரிட்ஜும் செக் நாட்டு விஞ்ஞானி நியூசிலும் சேர்ந்து, புற்று உயிரணுக்களிலிருந்து இழைமணியின் டி.என்.ஏ.வை முழுவதுமாக நீக்கிவிட்டு அவற்றைச் சுண்டெலிக்குள் செலுத்தினார்கள். கட்டி வளரக் கூடாதல்லவா? வளர்ந்தது. ஆனால் வழக்கத்தைவிட வெகு தாமதமாக. வளர்ந்த கட்டியை எடுத்துச் சோதித்தால் அதிலே சுண்டெலியின் இழைமணி டி.என்.ஏ. இருந்தது. இது 2015-இல் வெளியாயிற்று. டி.என்.ஏ. மட்டும் கசிந்து போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இழைமணிகள் சிவப்பாக ஒளிரும்படி வளர்த்த சுண்டெலிகளில் மறுபடி செய்து பார்த்து, முழு இழைமணியே போகிறது என்று 2017-இல் காட்டினார்கள். இழைமணியில்லாத புற்று எதற்காக முடங்கிக் கிடந்தது என்பதற்கும் 2019-இல் விடை வந்தது. சக்திப் பற்றாக்குறையைவிட, புதிய டி.என்.ஏ. கட்டத் தேவையான ஒரு மூலப்பொருள் இழைமணி ஓடாமல் தயாராவதில்லை என்பதே பெரிய தடையாம்.

உயிரணுக்கள் இழைமணியைக் கைமாற்றிக்கொள்வது நோயில் மட்டும் நடப்பதல்ல. சுண்டெலியின் நுரையீரலில் காயம் பட்ட உயிரணுக்களுக்கு, உள்ளே செலுத்திய மஜ்ஜை உயிரணுக்கள் தங்கள் இழைமணியைக் கொடுத்துக் காப்பாற்றுவதை 2012-இல் கண்டார்கள். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட சுண்டெலிகளில் பக்கத்து உயிரணுக்கள் நரம்பு உயிரணுக்களுக்கு இவ்வாறு உதவுவது 2016-இல் தெரிந்தது. ஆபத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் வழக்கம் உடம்புக்குள் இருக்கிறது. நாயின் கட்டி அந்த வழக்கத்தைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கக்கூடும்.

மருந்து நம் வரப்பிலேயே

இவ்வளவு கெட்டிக்காரக் கட்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. வின்கிரிஸ்டின் என்ற மருந்துக்கு அது தாங்காது. இந்த மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? நித்தியகல்யாணியிலிருந்து! சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அதே செடி. மடகாஸ்கர் தீவில் தோன்றி உலகெங்கும் பரவிய இச்செடியை நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இலைக்கும் வேருக்குமாகப் பயிர் செய்தவர்கள் உண்டு. ஒரு டன் காய்ந்த இலையிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் ஒரு சில கிராம்தான். உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கயிறு போன்ற இழைகள் உருவாகாதபடி இது தடுத்துவிடுகிறது. பிரிய முடியாத கட்டி வாடிச் சுருங்குகிறது.

செடியிலிருந்து வருவதுதானே என்று யாரும் இலையை அரைத்து நாய்க்குப் புகட்ட வேண்டாம். ஆடு மாடு அதைக் கடிப்பதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நஞ்சுள்ள செடி அது. மருந்தாக வரும் ஊசியையும் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். நாயின் எடையை அறிந்து அளவு கணக்கிட்டு, இரத்தக் குழாய்க்குள் சரியாகச் செலுத்த வேண்டிய மருந்து. ஒரு துளி வெளியே சதையில் இறங்கினாலும் அந்த இடம் வெந்துபோகும். வாரம் ஒரு முறை, பெரும்பாலும் 4 முதல் 6 ஊசிகளில் கட்டி மறைந்துவிடும். இரண்டாம் ஊசிக்கே இரத்தம் நின்றுவிடுவதுண்டு. நம்மவர்கள் தவறுவது இங்கேதான். இரத்தம் நின்றதும் "சரியாகிவிட்டது" என்று மருந்தகத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிக் கிடக்கும் உயிரணுக்கள் மறுபடி வளரும். மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை வாரந்தோறும் கூட்டிப்போக வேண்டும்.

ஊசி போட்ட நாய் ஒன்றிரண்டு நாள் தீனி எடுக்காமல் இருக்கலாம். வாந்தியும் எடுக்கலாம். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் சில சமயம் மருத்துவர் ஒரு வாரம் தள்ளிப் போடுவார். சினை நாய்க்கு இந்த மருந்து ஆகாது. சினையாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட சில நாட்களுக்கு நாயின் மலம், சிறுநீர், வாந்தியை வெறுங்கையால் அள்ள வேண்டாம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அவர் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

கட்டி எப்போதும் பின்புறத்தில்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. நக்குவதாலும் முகர்வதாலும் மூக்கிலும் வாயிலும் வருவதுண்டு. மூக்கில் வருவது ஆண் நாய்க்கே அதிகம், முகர்ந்து திரிவது அதுதானே. ஒரு பக்க மூக்கில் மட்டும் நெடுநாள் இரத்தம் ஒழுகினாலும், ஓயாமல் தும்மினாலும், முகம் ஒரு பக்கமாக வீங்கினாலும் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் நீங்களே வாயைப் பிளந்து கைவிட்டுப் பார்க்க வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயாக இருந்தால் அது ஆபத்து. கட்டியின் மேல் கண்ணாடித் துண்டை ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் உறுதி செய்துவிடுவார்.

சில நாய்களில் கட்டி தானாகவே சுருங்கி மறைவதும் உண்டு. உடம்பின் காவல் சக்தி அந்நிய உயிரணுவை அடையாளம் கண்டுகொள்வதால் அப்படி நேர்கிறது. மஞ்சளோ வேறு பத்தியமோ பலித்துவிட்டது என்று சிலர் சொல்வது இத்தகைய நாய்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அதை நம்பிக் காத்திருப்பது சரியல்ல. காத்திருக்கும் மாதங்களில் கார்த்திகை மார்கழி வந்துவிட்டால் ஊர் நாய்கள் கூட்டமாகத் திரியும். ஒரு நாய் போதும், தெரு முழுக்கப் பரப்பிவிடும்.

பரவாமல் தடுக்கக் கருத்தடை அறுவையே சிறந்த வழி. 2014-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி குறைந்தது 90 நாடுகளில் இந்தக் கட்டி இருக்கிறது. நாய்களைக் கட்டி வளர்க்கச் சட்டம் போட்டு, தெருவில் திரிவதைக் குறைத்த இங்கிலாந்தில் இது சென்ற நூற்றாண்டிலேயே ஒழிந்துபோயிற்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று இன விருத்திக்காக நாய் வைத்திருப்பவர்கள், இணை சேர்ப்பதற்கு முன் இரு நாய்களையும் தோல் விலக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கட்டி உள்ள தாய் நக்குவதால் குட்டிக்கும் ஒட்டலாம் என்பதால், ஈன்ற நாய்க்குக் கட்டி தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டிக் குட்டிகளைப் பிரிப்பதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கிடைக்காரர் சொன்னபடி ஐந்து வாரமும் நாயைச் சைக்கிளின் பின்னே கட்டி மருந்தகத்துக்கு நடத்திப் போனார். மூன்றாவது ஊசியில் கட்டி பாக்கு அளவாயிற்று. ஐந்தாவதோடு தெரியவில்லை. நாய் கிடையோடு திரும்பிவிட்டது. போன வாரம் மறுபடியும் வந்தார். "பக்கத்துக் கிடையிலே ஒரு பெட்டை இருக்குது ஐயா, அதுக்கும் இதே மாதிரி சொட்டுது. அவங்ககிட்டே நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க எழுதிப் போடுங்க" என்றார்.